காணும் பொங்கலுக்குப் பின் ஒரு சனிக்கிழமை

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பண்டிகை நாள்களில் முதியோர் இல்லங்களுக்குச் சென்று வருவது இப்போது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. பள்ளிகள் போகின்றன, சங்கங்கள் போகின்றன, பிறந்த நாள் கொண்டாடுவோர் கேக்கும் கையுமாகப் போகின்றனர். நல்ல வழக்கந்தான். ஆனால், போய் வந்தவர்களின் மனம் எப்படி நெகிழ்ந்தது என்று படிக்கிறோமே தவிர, அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த நாள் எப்படிக் கழிந்தது என்று எவரும் எழுதக் காணோம். 2025 பொங்கல் விடுமுறையில், எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், தாங்கள் பணிபுரியும் சிற்றூரின் பள்ளிப் பிள்ளைகளை முசிறி வட்டாரத்து முதியோர் இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றனர். ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதனால், மற்றவர் கண்ணில் படாத சில செய்திகள் எனக்குத் தெரிய வந்தன.

காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் என்பது எங்களுக்கு விதித்த கணக்கு. மரம் நடுவதிலும் பேரணியிலும் பாதி நேரம் கழிந்துவிடும். நட்ட குழியிலேயே மறு ஆண்டும் மரம் நடுகிறோம் என்று எங்களுள் ஒருவர் சொல்வதுண்டு. திட்ட அலுவலரான எங்கள் பேராசிரியர், “இந்த முறை மனிதரைப் பார்க்கிற வேலை ஏதாவது செய்யுங்கள்” என்றார். அப்படித்தான் இந்த எண்ணம் பிறந்தது.

முதலில் காணும் பொங்கலன்றே போவதென்றுதான் பேசிக்கொண்டோம். பெரியவர்களைக் கண்டு வணங்கி வாழ்த்துப் பெறும் நாளல்லவா அது! டிசம்பரில், அனுமதி கேட்க நானும் இரு தோழியரும் இல்லத்துக்குச் சென்றபோது, பொறுப்பாளர் அம்மையார் எங்கள் தாளை முழுதும் படிக்கும் முன்னரே கையமர்த்தினார்.

“நல்ல நாள்ல வராதீங்கம்மா. அன்னிக்கு மூணு வேளைச் சாப்பாட்டுக்கும் போன மாசமே ஆள் பேரு குடுத்தாச்சு. காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். எல்லாரும் பொங்கலும் வடையும் கொண்டு வருவாங்க. இருபத்தெட்டுப் பேர்ல பதினோரு பேருக்குச் சர்க்கரை. வாங்காம இருந்தா வந்தவங்களுக்கு மனக்கஷ்டம். வாங்கிச் சாப்பிட்டா எனக்கு ராத்திரியெல்லாம் கஷ்டம். பண்டிகை முடிஞ்சு வாங்க. அப்புறம் ஒரு மாசத்துக்கு எட்டிப் பார்க்க ஒரு காக்கா கிடையாது.”

இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகளைக் காலில் விழச் சொல்லிப் பழக்கி அழைத்து வராதீர்கள் என்றார். எங்களுக்கு வியப்பாக இருந்தது. “விழுந்தா காசு குடுக்கணுமே. இவங்ககிட்ட ஏது? போன வருசம் ஒரு தாத்தா, சின்னப் புள்ளைங்க கும்பிட வந்ததும் எழுந்து கக்கூஸுக்குப் போயிட்டார். எல்லாரும் போன பின்னாடிதான் வந்தார்” என்றார் அம்மையார்.

எனக்கு உறைத்த சொல் அதுதான். காணும் பொங்கலில் நாம் கும்பிடுவது ஒரு பாதி. பெரியவர் மடியை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்துக் கையில் வைத்து அழுத்துவது மறுபாதி. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவர் முன்னே போய் நிற்பது அவரைக் கூசச் செய்வதாகும். தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது; 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஓய்வூதியம் கைக்கு வந்த காலத்தில் பேரனுக்குப் பத்து ரூபாய் கொடுத்ததை, அந்த இல்லத்துப் பாட்டிமார் நேற்று நடந்ததைப் போலச் சொல்கிறார்கள். தங்களுக்குப் பிறர் கொடுத்தது எதையும் அப்படிச் சொல்லவில்லை.

அன்று கூடத்தில் எட்டு, ஒன்பது பேர் இருந்தனர். சுவரோரம் சாய்ந்திருந்த ஒரு பாட்டி, கண்ணில் புரை விழுந்தவர், எங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டு, “போட்டோ எடுக்கிறவங்களா, பேசுறவங்களா?” என்றார். பேசத்தான் வந்தோம் என்றேன். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: “போன வருசம் ஒரு பொம்பளப் புள்ள என் கையைப் புடிச்சுக்கிட்டு, அடுத்த ஞாயித்துக்கெழமை வரேன் அப்பாயின்னு சொல்லிட்டுப் போச்சு. ஏழு ஞாயித்துக்கெழமை வாசப் பக்கமே உக்காந்திருந்தேன். எட்டாவது வாரம் உள்ள வந்துட்டேன்.” அந்தக் குரலில் கோபமில்லை. கணக்கை ஒப்புவிப்பவர் போலச் சொன்னார். அவர் இளமை முதல் அறுபது வயது வரை கோரைப்பாய் நெய்தவர் என்று பிறகு அறிந்தோம். முசிறிப் பக்கத்தில் காவிரிக் கரையோரம் கோரை விளைவதையும், அறுத்த கோரையைக் கிழித்து வெயிலில் காயவைத்துக் கட்டுக்கட்டாகப் பிரித்து வைப்பதையும் நாங்கள் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டே போகிறவர்கள்.

இனி ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் உடனே இசைந்தார். பெற்றோர்தான் எளிதில் இசையவில்லை. “நல்ல நாளும் அதுவுமா அங்க எதுக்குப் புள்ளையைக் கூட்டிப் போறீங்க?” என்றார் ஒரு தாய். இன்னொருவர், நான்காம் வகுப்புச் சிறுமியின் தந்தை, திண்ணையைக் காட்டினார். “எங்க அம்மா இங்கதான் காலையிலேர்ந்து குந்தியிருக்கு. இதுகிட்ட ஒரு வார்த்தை பேச இந்தக் கழுதைக்கு நேரமில்ல. ஊரான் வீட்டு அப்பாயியைப் பார்க்க பஸ் ஏறணுமா?”

அவர் கேட்டதில் நியாயமிருந்தது. 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள்; தமிழகத்திலோ அது 10.4. இவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது இல்லங்களில் இல்லை, வீட்டுத் திண்ணைகளில்தான். ஆகவே ஒரு நிபந்தனை வைத்தோம். வருகிற ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு முதியவரிடம், அவர் சிறுவயதில் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வர வேண்டும். அது தெரிந்தால்தான் பேருந்தில் இடம். ஒரே வாரத்தில் பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல் எல்லாம் வந்து சேர்ந்தன. திண்ணைத் தந்தையின் மகள் பல்லாங்குழியில் என்னை மூன்று முறை தோற்கடித்தாள். குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் அது ‘பசு’, ஆட்டத்தின் நடுவிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதை எனக்குக் கற்பித்தவள் அவளே.

பிள்ளைகளுக்கு மூன்று மாலை வகுப்பு எடுத்தோம். நின்றுகொண்டு பேசாதே, எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசு. பாட்டிக்குக் கேட்கவில்லை என்றால் கத்தாதே, மறுகாதுப் பக்கம் போ. ஏன் இங்கே வந்தாய் என்று கேட்காதே. கடைசியாகச் சொன்னதை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒப்பவில்லை. “புள்ளைங்க சோறு போடலன்னா போலீஸ்ல சொல்லலாம்ல அக்கா?” என்றான். சொல்லலாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அதற்கென்றே வந்தது. தமிழகத்தில் கோட்டாட்சியர் முன்னிலையில் தீர்ப்பாயம் உண்டு. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்க அச்சட்டம் இடம் தந்தது. ஆனால், அந்த இல்லத்தில் மனுப் போட்டவர் ஒரே ஒருவர் என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். மற்றவர்களைக் கேட்டால், “பெத்த புள்ளையை ஆபீஸ் வாசல்ல நிறுத்தச் சொல்றியா?” என்பார்களாம். அதைப் பையனிடம் சொன்னேன். அவன் ஒப்பினானா என்று தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டான்.

அடுத்து வந்ததுதான் பெரிய சிக்கல். பாய் நெய்த பாட்டியின் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, “மறுபடி வருவேன் என்று எவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது” என்றோம். உடனே ஒரு சிறுமி, “அப்ப கெளம்பும்போது என்னக்கா சொல்றது? ‘போறேன்’னா சொல்றது? அப்படிச் சொன்னா எங்கம்மா வாயிலேயே போடும்” என்றாள்.

எங்களுக்கு மறுமொழி தோன்றவில்லை. உண்மைதானே? நம் வீடுகளில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லி வாசற்படி தாண்டுவதில்லை. ‘போய்ட்டு வரேன்’ என்றுதான் வாய் சொல்லும். ‘போய்ட்டு வா’ என்றுதான் விடையும் கிடைக்கும். வரமாட்டோம் என்பது இருவருக்கும் தெரிந்தாலும் சொல் அதுதான். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்க முடியாது. அதை மெய்யாக்குவது ஒன்றே வழி. பேராசிரியரிடம் போய்ப் பேசினோம். மாதந்தோறும் மூன்றாம் சனிக்கிழமை, ஜனவரி 18, பிப்ரவரி 15, மார்ச் 15 என்று மூன்று நாள்களைக் குறித்து, மூன்றுக்கும் சேர்த்தே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். முதல் முறை எல்லாரும்; அடுத்தடுத்து ஆறாறு பேர். தேதி குறித்த பிறகே போய்வருகிறேன் என்று சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை கொடுத்தோம்.

கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத குறைக்கு என் அம்மாயி வழி சொன்னார். “கையில காசில்லாட்டி என்னடி, ஓலை இருக்கே!” என்றார். பச்சைத் தென்னோலையில் கடிகாரம், பீப்பி, காற்றாடி, பாம்பு செய்யத் தெரியாத கிழவர் இந்தக் காவிரிக் கரையில் இருக்க முடியாது. ஓலை நாங்கள் கொண்டுபோவது, பொருள் அவர்கள் செய்து கொடுப்பது என்று முடிவாயிற்று.

புகைப்படம் பற்றியும் எங்களுக்குள் பூசல் வந்தது. படமில்லாமல் ஆண்டறிக்கையில் என்ன வைப்பது என்று ஒரு நண்பர் வாதாடினார். அவர் கவலையும் பொய்யன்று. இல்லத்துக்குள் எவரும் கைப்பேசியை எடுப்பதில்லை, திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்வது என்று சமரசம் ஆனோம்.

அந்த ஆண்டு ஜனவரி 14 முதல் 19 வரை ஆறு நாள் தொடர் விடுமுறை. மாதத் தொடக்கத்தில்தான் சென்னையிலும் சேலத்திலும் எச்.எம்.பி.வி. தொற்று கண்டதாகச் செய்தி வந்திருந்ததால், சளி இருமல் உள்ள பிள்ளை எதுவும் வரக் கூடாதென்று பொறுப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 24 பேரில் இருவரை நிறுத்தினோம். ஒருத்தி அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. மற்றவர்களுக்கு முகக்கவசம் கொடுத்து, தட்டைப்பயறு சுண்டலை நன்கு குழைய வேகவைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு, இரண்டு கட்டு ஓலையுடன் நகரப் பேருந்தில் ஏறினோம். “கூரை வேயவா போறீங்க?” என்று நடத்துநர் கேட்டார்.

முதல் கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிள்ளைகள் விரிப்பின் மேல், பெரியவர்கள் நாற்காலியில். உட்கார நாங்கள் வாங்கிப் போயிருந்த கோரைப்பாய்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது. புரை விழுந்த பாட்டி குனிந்து அதன் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்து, “இது மெசின் பாய். எவன்கிட்ட ஏமாந்தீங்க?” என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டனர். “கைத்தறிப் பாய்க்கு எப்படிப் பாட்டி தெரியும்?” என்று ஒருத்தி கேட்க, அவள் விரலைப் பிடித்துப் பாயின் மேல் ஓட்டிக் காட்டத் தொடங்கினார் பாட்டி. பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. தாயக்கட்டத்தில் தாயம் விழாமல் கால் மணி நேரம் காய் இறக்க முடியாத தாத்தா ஒருவர், எதிராளியான மூன்றாம் வகுப்புப் பொடியன் கட்டையைத் திருப்புகிறான் என்று பொறுப்பாளரிடம் புகார் சொன்னார். அது மெய்யான புகாரே.

படுக்கையில் இருந்த நால்வரில் இருவர் மட்டும் பார்க்க வரலாம் என்றனர். எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் உதவியாளர் துணையோடு அறைக்குள் போய், சிறிது நேரம் இருந்து வந்தனர். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினாரின் 243ஆம் பாட்டைப் படித்தவர்களுக்கு அதில் வரும் முதியவரை நினைவிருக்கும். பூண் கட்டிய கோலை ஊன்றி, இருமலுக்கிடையே பேசுகிறவர். மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய இளமையை எண்ணுகிறவர். அத்தகைய ஒருவர் இங்கும் இருந்தார். வயது எண்பத்து நான்கு. முசிறிக்கும் குளித்தலைக்கும் பாலம் வருவதற்கு முன், ஆறு நிறையத் தண்ணீர் போகும்போது அக்கரைக்கு நீந்திப் போய்ப் பரிசலில் திரும்பியிருக்கிறேன் என்றார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “சும்மா சொல்றீங்க தாத்தா. பாலம் எம்மா நீளம் தெரியுமா?” என்றான். “நீ போய் அளந்துட்டு வாடா. நீ சொல்றதுக்குப் பதில் சொல்றேன்” என்றார் தாத்தா. இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன், பெரியவர்கள் முடைந்த ஓலைக் கடிகாரங்களைப் பிள்ளைகள் கையில் கட்டிவிட்டனர். கும்பிடு என்று எவரும் சொல்லவில்லை. கட்டி முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையாகத் தானே குனிந்தது. முன்னாண்டு எழுந்து போய்விட்டதாகச் சொன்னாரே, அந்தத் தாத்தாவும் அங்கிருந்தார். ஐந்து கடிகாரம் முடைந்தவர் அவர். “மணி என்னடா?” என்று ஒரு சிறுவனைக் கேட்க, அவன் தன் ஓலைக் கடிகாரத்தை உற்றுப் பார்த்து, “சாப்பாட்டு மணி தாத்தா” என்றான். கிளம்பும்போது எல்லாரும் உரக்கவே சொன்னார்கள், போய்ட்டு வரோம் என்று. பாய் நெய்த பாட்டி மட்டும் விடை சொல்லவில்லை. “எந்தத் தேதி?” என்றார். பிப்ரவரி 15 என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம். படிக்க முடியாதவர் அவர்; பக்கத்துக் கட்டில்காரரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆதரவற்ற முதியோரையும் பெற்றோரற்ற பிள்ளைகளையும் ஒரே வளாகத்தில் வாழவைக்கும் இல்லங்களைத் தமிழக அரசே அமைத்ததுண்டு. சென்னையில் 1978இல் சாவித்திரி வைத்தி அம்மையார் தொடங்கிய விச்ராந்தி போன்ற இல்லங்களின் பெயரையும் கேட்டிருக்கிறோம். அவையெல்லாம் பெரிய பணிகள். எங்களுடையது மாதம் இரண்டு மணி நேரம்.

பிப்ரவரியில் ஆறு பேருடன் போனோம். சளியால் நின்று போன சிறுமியும், பாலத்துப் பையனும் அதில் இருந்தனர். முந்தின நாள் தொலைபேசியில் பேசியபோதுதான், நீந்திய தாத்தா பொங்கல் முடிந்த மூன்றாம் வாரம் இறந்துவிட்டதைப் பொறுப்பாளர் சொன்னார். “புள்ளைங்ககிட்ட ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லிடுங்க” என்றார். அன்று மாலை கல்லூரியில் நாங்கள் ஐந்து பேர் இதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். இரண்டு பேர் மறைக்கலாம் என்றனர். அப்படி ஒரு ஊர் அவருக்கு இருந்திருந்தால் அவர் இல்லத்துக்கே வந்திருக்க மாட்டார், அதை அந்தப் பையன் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று நான் சொன்னேன். இல்லத்து வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. உள்ளே போகுமுன் அதனடியில் நிறுத்தி, இறந்துவிட்டார் என்று நேராகவே சொன்னோம்.

பையன் அழவில்லை. தன் மாமனோடு போய்ப் பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, காலடி எண்ணி, அதை ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். “நடு வழியில ஒருவாட்டி கணக்கு விட்டுப் போச்சு. திரும்ப முதல்லேர்ந்து எண்ணினேன்” என்றான். பிறகு உள்ளே போய்த் தாயக்கட்டத்துத் தாத்தாவோடு உட்கார்ந்துகொண்டான். பாய் நெய்த பாட்டி அன்று வாசல் பக்கத்துத் திண்ணையில் இருந்தார்.

இல்லத்தாரைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரு பக்கம். எந்தக் காது கேட்கும், எந்த ஆட்டம் பிடிக்கும், சுண்டலுக்கு உப்பு உண்டா இல்லையா, எதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பவை அதில் உள்ளன. திரும்பி வரும் பேருந்தில் பையன் தன் தாளை என்னிடம் நீட்டி, “தாத்தா பக்கத்துல எழுதுங்கக்கா” என்றான். எழுதினேன். மார்ச் 15 அன்றும் போய் வந்தோம். எனக்குரிய 240 மணி நேரம் முடிந்துவிட்டதால், நோட்டை முதலாண்டு மாணவியர் இருவரிடம் ஒப்படைத்து, ஜூன் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை எந்தத் தேதி என்பதையும் மேலட்டையில் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.